ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஓர் ஆள்

மகனுக்கு,

‘அன்புள்ள’ என்று போட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்றைக்கு எனக்கு அது வரவில்லை, அதனால் போடவில்லை. வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க நீ எழுதிய கட்டுரையை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனில் திறந்தேன். ‘அம்மா, வெள்ளிக்கிழமை லாஸ்ட் டேட். இங்கிலீஷ் மட்டும் ஒரு தடவ பாத்துக் குடு, மத்ததெல்லாம் பக்கா’ என்று மேலே ஒரு வரி. வயதுவந்தோர் கல்வியும் உயர்கல்வியும். இருபது வருஷமாக நான் சோறு தின்கிற துறை. பெங்களூரு கோச்சிங் கம்பெனி வேலையை உதறிவிட்டு என் பிள்ளை என் துறைக்கே வருகிறான் என்று நான் தலைகால் புரியாமல் ஆடியிருக்க வேண்டும். முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் கையிலிருந்த காப்பி ஆறிப்போய்விட்டது. சின்னத் திரையில் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுநாள் காலையில் லாஸ்பேட்டைக் கடையில் பிரிண்ட் எடுத்தும் பார்த்தேன். தப்பாகப் படிக்கவில்லை.

முதல் பத்தியிலேயே நீதான் ஹீரோ. உனக்கு ஏழு வயது. வைத்திக்குப்பத்தில் உன் அம்மா பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறாள். பம்ப் ஹவுஸில் கூலி வேலை பார்க்கும் ஓர் ஆள் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் போட முடியாமல் திணறுகிறான். நீ எழுந்து போய் அதைத் தீர்த்துவைக்கிறாய். வகுப்பே கைதட்டுகிறது. பெரியவர்களுக்குக் கற்பிப்பதுதான் உன் வாழ்க்கை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாயாம். அடேயப்பா! மூன்றாவது பத்தியில் உன் அப்பா வருகிறார். படிப்பில் ஆர்வமே இல்லாதவர், வீடு நிறையப் புத்தகம் இருந்தும் ஒன்றைக்கூடத் தொடாதவர், இப்படிப்பட்டவர்களின் மனதைப் புரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு என்று எழுதியிருக்கிறாய். படிப்பைப் பாதியில் விடுகிறவர்களுக்கு ஆர்வக்குறைவுதான் முதல் காரணம் என்பதற்கு ஆதாரமும் கொடுத்திருக்கிறாய். யாரை? என்னை. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தை.

அந்தக் கூலி ஆளும் அந்த அப்பாவும் ஒரே மனிதர். ‘எனக்கு ஞாபகம் இல்லம்மா’ என்று மட்டும் சொல்லாதே. ஏழு வயதில் அப்பனை அடையாளம் தெரியாத பிள்ளை எந்த ஊரிலும் கிடையாது. நீ ஜெயிக்கிற இடத்தில் எதிரே தோற்க ஓர் ஆள் வேண்டும், அது அப்பா என்றால் படிக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், அதனால் கூலியாள் ஆக்கிவிட்டாய். பரிதாபம் வேண்டிய இடத்தில் மறுபடி அப்பா ஆக்கிக்கொண்டாய். ஒருவரை இரண்டாக நறுக்கி இரண்டு பத்தியில் பரிமாறியிருக்கிறாய். இன்னொன்று, சமன்பாட்டையெல்லாம் நீ தீர்க்கவே இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏது சமன்பாடு? நீ சொன்னது வாய்ப்பாடு. ஏழெட்டு ஐம்பத்தாறு. அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி, எங்கள் மாலை வகுப்பு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் சிறு பத்திரிகைக்கும் போகிறது. நீ கத்துவாய். ‘வீட்டு விஷயத்த ஏம்மா வெளிய போடற, மானம் போவுது’ என்பாய். போகட்டும். நான் செய்ததை வீட்டுக்குள் வைத்துச் செய்யவில்லை. ஒரு வகுப்பே பார்க்கச் செய்தேன். அதைச் சொல்வதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னால் நன்றாகவா இருக்கும்? அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆகிறேன். மாலை போட்டு, சால்வை போர்த்தி, அம்மையார் எத்தனை பேருக்கு எழுத்தறிவித்தார் என்று மைக்கில் பேசுவார்கள். அதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டு வேண்டுமானால் பேசட்டும்.

உனக்குப் பிடிக்காத பழைய கதையிலிருந்துதான் வர வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆனபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். உன் அப்பா எட்டாவது பாஸ், ஒன்பதாவதில் நின்றவர். தண்ணீர்த் தொட்டி பம்ப் ஹவுஸில் தினக்கூலி உதவியாள். என் அக்காமார் ஜாடையாகச் சிரித்தார்கள். அவர் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோய்க் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். நான் பி.ஏ. படித்தபோது சமைத்தது அவர். எம்.ஏ. படித்தபோது உன்னைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுப் பள்ளிக்கூடத்தில் விட்டது அவர். எனக்குப் பரீட்சை என்றால் உன்னைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார், வீட்டில் சத்தம் இருக்கக் கூடாதாம். வீடு நிறையப் புத்தகம் இருந்தும் தொடாதவர் என்று எழுதினாயே, அத்தனை புத்தகத்துக்கும் அட்டை போட்டவர் அவர்தான். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கும் என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், ஏன் படிப்பை விட்டீர்கள் என்று கேட்டேன். சுலபத்தில் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அவரைக் கரும்பலகை முன்னால் நிற்கவைத்திருக்கிறார். கணக்கு வரவில்லை. வாத்தியார் நேரே ஒன்றாம் வகுப்புக்குப் போய் ஒரு குட்டிப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தி, அவனைக் கூட்டல் கணக்கு ஒன்று போடச் சொல்லி, ‘இவனாண்ட கத்துக்கோ, போ’ என்றாராம். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்ததாம். அடுத்த நாளிலிருந்து அவர் போகவில்லை. வீட்டில் அடித்தும் போகவில்லை. ‘இத யாராண்டயும் சொன்னதில்ல, ஒன்னாண்டதான் சொல்றேன்’ என்றார். நான் அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன். எந்த இடத்தில் அடித்தால் இந்த மனிதர் விழுவார் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று, பார்த்துக்கொள்.

அப்புறம் நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். ஆய்வுக்காக வைத்திக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட அறையை மாலையில் வாங்கி, பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத நினைக்கும் பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கினேன். மீன் விற்கும் பெண்கள், பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள் வந்தார்கள். உன் அப்பாவும் வந்தார். பத்தாவது பாஸ் இருந்தால் பம்ப் ஹவுஸில் வேலை நிரந்தரமாகும் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். வேலையிலிருந்து நேராக, கால்சட்டை நனைந்து முழங்கால்வரை ஈரமாக, நோட்டை டிபன் பையில் ஒளித்துக்கொண்டு வருவார். கடைசி பெஞ்சு. மற்றவர்களோடு சேர்ந்து என்னை ‘டீச்சர்’ என்பார், சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவர் வகுப்புக்கு வந்த அந்த எட்டு மாதம் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று அவர் பின்னால் ஒருமுறை யாரிடமோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழில் தேறிவிட்டார், சமூக அறிவியல் மனப்பாடம். கணக்கில் மட்டும் கை நடுங்கும். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் தெரிந்த வாய்ப்பாடும் மறந்துபோகும்.

வகுப்பு அத்தனை நன்றாக நடந்ததுதான் எனக்கு வினையாயிற்று. ஆய்வுத் திட்டத்தில் ஐந்தாம் அத்தியாயம் இடைநிற்றல். அதாவது, படிப்பைப் பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்பது. என் வகுப்பில் ஒருவரும் விடவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் போனவள்கூடக் கைக்குழந்தையோடு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். என் கைடு தாளைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ‘என்னம்மா இது, ஒருத்தர்கூட நிக்கலியா? இத எந்த எக்ஸாமினர் நம்புவாரு? இடைநிற்றல்னு சேப்டர் போட்டுட்டு, நின்னவங்க யாரும் இல்லன்னு எழுதப் போறியா? ஒரே ஒரு ஆள் குடு. ஆழமா ஒரு பேட்டி எடு. முடிச்சிடலாம்’ என்றார். வேறு மையத்தில் தேடியிருக்கலாம். லாஸ்பேட்டைப் பக்கமே ஒன்று இருந்தது, பாதி பேர் ஓடிப்போன மையம். அங்கே போய்ப் பழகி, பேசவைத்து எழுத ஆறு மாதம் ஆகும். எனக்கு ஆறு மாதம் இல்லை. கல்லூரியில் உதவிப் பேராசிரியர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்று காதில் விழுந்திருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவார்கள்.

ஒரே ஓர் ஆள் வேண்டும். யாரை நிறுத்துவது? மீன்காரப் பெண்களில் ஒருத்தியைச் சீண்டியிருந்தால் அவள் என்னைத் திருப்பிக் கிழித்திருப்பாள், நின்றிருக்க மாட்டாள். திருப்பிப் பேசாத ஆள் ஒருவர்தான் இருந்தார். நான் அன்றைக்குக் கோபத்தில் செய்தேன், வாய் தவறிச் செய்தேன் என்றெல்லாம் உனக்குச் சொல்லப்போவதில்லை. இரண்டு நாள் யோசித்துச் செய்தேன். பள்ளிவிட்டதும் உன்னைப் பக்கத்து வீட்டில் விடுவதுதான் வழக்கம். அன்றைக்கு வகுப்புக்குக் கூட்டிப்போனேன். எதற்கு என்று உன் அப்பா கேட்டார். ‘சும்மா வரட்டும்’ என்றேன்.

அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். சமன்பாடு ஒன்று கொடுத்தேன். பாதி சரியாகவே போட்டார். நடுவில் ஏழையும் எட்டையும் பெருக்க வேண்டிய இடத்தில் நின்றார். எல்லாரும் பார்க்கிறார்கள். வழக்கமாக அந்த இடத்தில் நான் முதல் எண்ணை மட்டும் மெதுவாகச் சொல்வேன், பிடித்துக்கொண்டு மேலே போவார். அன்றைக்குச் சொல்லவில்லை. சாக்பீஸ் பலகையில் தொட்டபடியே நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் உன்னைக் கூப்பிட்டேன். ‘டேய், வா இங்க. அப்பாவுக்கு ஏழெட்டு எவ்ளோன்னு சொல்லிக் குடு’ என்றேன். நீ துள்ளிக்கொண்டு ஓடிவந்து அவர் இடுப்புக்குப் பக்கத்தில் நின்று, ‘அம்பத்தாறு!’ என்று கத்தினாய். கைதட்டினார்கள். பாவம், அவர்கள் சின்னப் பிள்ளைக்குத்தான் தட்டினார்கள். நான் அதோடு விடவில்லை. ‘ரெண்டாங் கிளாஸ் புள்ளைக்கு வர்றது ஒங்களுக்கு வரல. போயி அவன் பக்கத்துல ஒக்காந்து கத்துக்கோங்க’ என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. சாக்பீஸை மேசையில் வைத்தார், டிபன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நீ அவர் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாய்.

கைதட்டாதது ஒருத்தி. அந்தோணியம்மா, வைத்திக்குப்பத்து மீன்காரி, வகுப்பிலேயே பெரிய வாய். எல்லாரும் போன பிறகு வாசலில் என்னை மறித்தாள். ‘இன்னா டீச்சர், புருசன அடிக்கறதுக்கு ஒரு ஊரே வேணுமா ஒனக்கு? வேற ஆளு கெடைக்கலியா?’ என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ‘படிப்புல கண்டிப்பு வேணும்மா’ என்று எதையோ உளறினேன். ‘கண்டிப்பா? நல்லாருக்குது ஒன் கண்டிப்பு’ என்று காறித் துப்பிவிட்டுப் போனாள். அந்த அம்மா பிறகு பாஸ் செய்தாள். இன்றைக்கும் பெரிய மார்க்கெட்டில் கூடை நிறைய வஞ்சிரம் வைத்துக்கொண்டு என்னிடம் மீன் இல்லை என்பாள். உன் அப்பா போனால் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுப்பாள். அதனால்தான் நம் வீட்டில் மீன் வாங்குவது எப்போதும் அவர். நான் சோம்பேறி என்று நீ கேலி செய்வாயே, அதற்குக் காரணம் இதுதான்.

இனி கேட்பதற்கு இன்னும் கேவலமானது இருக்கிறது. அவர் வகுப்பை விட்ட மூன்றாம் நாள், சமையற்கட்டு மேசையில் டேப் ரெக்கார்டரை வைத்து, கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். என் புருஷனை ‘நீங்கள் கல்வியை இடையில் நிறுத்தியதற்கான முதன்மைக் காரணம் யாது?’ என்று கேட்டேன். குடும்பச் சூழல், வேலைச் சுமை, ஆர்வமின்மை, ஆசிரியரின் அணுகுமுறை என்று நாலு கட்டம். வரிசையாகப் படித்துக் காட்டினேன். கடைசிக் கட்டத்தைப் படிக்கும்போது என் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. அவர் என்னையே பார்த்தார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. ‘ஆர்வம் இல்லன்னு போட்டுக்கோ’ என்றார். நான் போட்டுக்கொண்டேன். அதை வைத்து நாற்பது பக்கம் எழுதினேன். எக்ஸாமினர் அந்த அத்தியாயத்தைத்தான் தனியாகப் பாராட்டினார். எனக்கு வேலை கிடைத்தது. அவர் நிரந்தரம் ஆகாமலே அறுபது வயதுவரை அதே பம்ப் ஹவுஸில் உதவியாளாக இருந்து வீட்டுக்கு வந்தார். வகுப்பை விட்ட நாள்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வாசகம் வாசிப்பார், திக்கித் திக்கித்தான், ஆனாலும் முதல் நாளே பத்து முறை படித்துப் பார்த்துவிட்டு வாசிப்பார். அதையும் விட்டுவிட்டார். சாமியார் ஆள் அனுப்பியும் போகவில்லை. என்னை ‘டீச்சர்’ என்று அப்புறம் கூப்பிட்டதே இல்லை.

நீ படிக்கப்போகிற துறையைப் பற்றி என்னிடம் ஏதாவது அறிவுரை எதிர்பார்த்தால் இதுதான். பெரியவர்கள் வகுப்புக்கு வருவது பிள்ளைகள் வருவது மாதிரி இல்லை. பிள்ளையை யாரோ கொண்டுவந்து தள்ளுகிறார்கள். பெரியவர் தன் காலால் நடந்து வருகிறார், ஏற்கெனவே ஒருமுறை அவமானப்பட்ட இடத்துக்கே திரும்ப வருகிறார். அதற்கு எவ்வளவு ஆர்வம் வேண்டும் என்று யோசித்துப் பார். ஆர்வமில்லாத ஆள் ஈரக் கால்சட்டையோடு எட்டு மாதம் வர மாட்டான். நீ கேள்வித்தாள் தூக்கிக்கொண்டு போகும்போது, ‘ஆசிரியரின் அணுகுமுறை’ என்ற கட்டம் எல்லாத் தாளிலும் காலியாகத் திரும்பி வந்தால், கேள்வி கேட்டது யார் என்று முதலில் பார். பதில் சொன்னவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், அவ்வளவுதான். அதை ஆய்வு முடிவு என்று எழுதிவிடாதே. நான் எழுதினேன். அதைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் தூக்கி வைத்தார்களோ, என் பிள்ளையும் வைத்துவிட்டான்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நீ அவரை மதிக்காமல் வளர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். பத்தாம் வகுப்பில் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்க அவரைத் தாண்டி என்னிடம் வந்தாய். ‘அப்பா நின்னு போன கேஸும்மா’ என்று சிரித்தாய், நானும் சிரித்தேன். உன் பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு பாஸ் கொடுத்தார்கள். ஒன்றை எனக்குக் கொடுத்தாய், இன்னொன்றை உன் சிநேகிதனுக்குக் கொடுத்தாய். ‘அங்க எல்லாம் இங்கிலீஷ்லதான்பா, உனக்கு போரடிக்கும்’ என்றாய். அவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார். அதை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்ததை நான் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயம். உன் பார்வையில் நான் படித்த அம்மாவாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் படிக்காத அப்பாவாகவே இருக்கட்டும் என்று விட்டேன். சே, எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் மேசையில் செய்தித்தாளை விரித்துச் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என் கையில் உன் கட்டுரை. ‘இன்னா பேப்பரு அது?’ என்றார். உங்கள் பிள்ளை எழுதியது, வெளிநாட்டில் படிக்க என்றேன். முகமெல்லாம் சிரிப்பு. ‘படி, கேப்போம். தமிழ்ல சொல்லு’ என்றார். முதல் பத்தியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து சொல்லத் தொடங்கினேன். மூன்றாவதைத் தாண்டி நாலாவதுக்குப் போனேன். மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே, ‘மேலேர்ந்து ஆரம்பிக்கலியே நீ. வெரல நடுவுலதான வச்ச. அப்பறம் ஒரு கட்டத்தத் தாண்டிட்ட’ என்றார். படிப்பில் ஆர்வமே இல்லாதவர்! நான் மேலிருந்து படித்தேன். ஒரு வார்த்தை விடாமல், உன் ‘கூலியாள்’ உட்பட, தமிழில் சொன்னேன். அவர் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

‘அந்த பம்ப் ஹவுஸ் ஆளு நான்தான?’ என்றார். ஆமாம் என்றேன். ‘ஆர்வம் இல்லாத அப்பாவும் நான்தான?’ ஆமாம் என்றேன். மீனை மறுபுறம் திருப்பிப் போட்டார். பிறகு, ‘சரி, அதால அவனுக்கு சீட்டு கெடைக்கும்னா இருக்கட்டும் வுடு’ என்றார். எனக்குத் தாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சொன்ன அதே பதிலை இப்போது உனக்கும் சொல்கிறார். நான் அழுதுவிட்டேன். ‘ஏங்க, அன்னிக்கி நான் வேணும்னேதான் செஞ்சேன். என் தீசிஸுக்கு நின்னுபோன ஆள் ஒருத்தர் வேணும்னு ஒங்கள நிறுத்தினேன்’ என்றேன். ‘தெரியும்’ என்றார். எப்போதிலிருந்து என்றேன். ‘நீ டேப்பு போட்டு கேள்வி கேட்டியே, அன்னிக்கே. மனுசன் மூணு நாளா சோறு எறங்காம இருந்தா ஏன்னு கேப்பாங்க. நீ பேனா எடுத்துட்டு வந்த’ என்றார்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பத்தாவது எழுதலாம், நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றேன். ‘ஒன்னாண்ட வேணாம்’ என்றார். கோபமே இல்லாமல், இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்றால் வேண்டாம் என்பாரே, அப்படிச் சொன்னார். விடாமல், ‘அப்ப புள்ளகிட்ட? போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வந்து இருப்பான்ல’ என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னால் இளகுவார் என்று நினைத்தேன். மீன் சட்டியை நகர்த்தி வைத்தார். ‘அவனாண்டயும் வேணாம்’ என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றவர், நான் கேட்காமலே சொன்னார். ‘ஆளு வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே நின்னிருப்பேன். நீ படிச்சி வரணும்னுதான நானும் கெடந்தேன். திட்டினதுகூட பரவால்ல. புள்ளையக் கூப்ட்டிருக்க வேணாம். அன்னிக்கி அங்க நின்னு என்ன ஒரு பார்வ பாத்தான் பாரு, இன்னிக்கி வரைக்கும் அப்படியேதான் பாக்கறான்.’

சொல்லிவிட்டுக் குழம்பைக் கூட்டப் போய்விட்டார். நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. கட்டுரையில் ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை. வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது, அதையே அனுப்புவதானால் அனுப்பு. நான் தடுக்க மாட்டேன். அவரும் தடுக்க மாட்டார்.

அம்மா